ஜிடிஏ 6 ஓட என்ன பிசி வேணும்? யாருக்கும் தெரியாத பதிலுக்கு இஎம்ஐ கட்டாதீங்க!

"இதுல ஜிடிஏ 6 ஓடுமா?" புது லேப்டாப்போ பிசியோ வாங்கக் கிளம்பும் எந்த கேமரும் இப்போது கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. யூடியூபில் தேடினால் மினிமம், ரெக்கமண்டட், அல்ட்ரா என்று கட்டம் கட்டிய பட்டியல்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு வீடியோவில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, அடுத்த வீடியோவில் வேறொன்று. எல்லோருமே அடித்துச் சொல்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்தப் பட்டியல்களில் ஒன்றைக்கூட ராக்ஸ்டார் வெளியிடவில்லை.

ராக்ஸ்டார் இதுவரை அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகிய கன்சோல்களுக்கு மட்டும்தான். முதலில் 2025-ன் கடைசி என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். இப்போது 2026 நவம்பர் 19-ல் வந்து நிற்கிறது. பிசிக்குத் தேதி கிடையாது. தேதியே இல்லாத ஒரு பதிப்புக்கு எத்தனை ஜிபி ரேம் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் யூகிக்கிறார். யூகிப்பது தப்பில்லை. யூகத்தைக் கட்டம் கட்டி, ராக்ஸ்டார் லோகோவை ஒட்டி, கீழே 'வாங்க இங்கே க்ளிக் செய்யவும்' என்று லிங்க் போடுவதுதான் தப்பு.

"2022-ல கசிஞ்ச வீடியோவெல்லாம் பிசியில ஓடினதுதானே, அப்போ பிசி வெர்ஷன் ரெடிதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். எந்த கன்சோல் கேமையும் பிசியில் உட்கார்ந்துதான் உருவாக்குகிறார்கள். ஸ்டுடியோவுக்குள் ஒரு கம்ப்யூட்டரில் ஓடுவதும், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கார்டு, பிராசஸர், டிரைவர் கூட்டணிகளில் ஒழுங்காக ஓடுவதும் முற்றிலும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

அப்படியே 'ஜிடிஏ 6 பிசி பீட்டா' என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடவே தொடாதீங்க. அப்படி ஒன்று கிடையாது. உள்ளே என்ன இருக்கும் என்பதை உங்கள் ஆன்டிவைரஸ்தான் சொல்ல வேண்டும்.

பழைய கதை என்ன சொல்கிறது?

ராக்ஸ்டாரின் வழக்கம் ஊரறிந்தது. கன்சோலுக்கு முதல் பந்தி, பிசிக்கு இரண்டாம் பந்தி. ஜிடிஏ 4 கன்சோலில் வந்தது 2008 ஏப்ரல். பிசிக்கு அதே ஆண்டு டிசம்பர். ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பர். பிசிக்கு 2015 ஏப்ரல், அதாவது 19 மாதம் கழித்து. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலில் 2018 அக்டோபர். பிசிக்கு 2019 நவம்பர். இந்த இடைவெளிகளை நவம்பர் 2026-உடன் கூட்டிப் பார்த்தால், பிசி பதிப்பு 2027-க்கு முன்னால் வர வாய்ப்பே தெரியவில்லை. 2028 ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அந்தப் பழைய பட்டியல்களிலேயே இருக்கிறது. பலரும் கவனிப்பதில்லை. 2015-ல் ஜிடிஏ 5 பிசிக்கு ராக்ஸ்டார் பரிந்துரைத்த என்விடியா கார்டு ஜிடிஎக்ஸ் 660. அது சந்தைக்கு வந்தது 2012-ல். ரெட் டெட் 2-க்குப் பரிந்துரைத்தது ஜிடிஎக்ஸ் 1060. அது வந்தது 2016-ல். அதாவது இரண்டு முறையும், கேம் கன்சோலில் வருவதற்கு முன்பே கடையில் இருந்த நடுத்தர விலைக் கார்டுதான் பிசி பதிப்புக்கு 'ரெக்கமண்டட்' ஆனது. உச்சத்தில் இருந்த கார்டு இல்லை. ஊரில் பாதிப் பேர் வைத்திருந்த கார்டு.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ராக்ஸ்டார் கேம்களை விற்பது சில ஆயிரம் பேருக்கு அல்ல. ஜிடிஏ 5 மட்டுமே 20 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது. அந்த அளவுக்கு விற்க வேண்டும் என்றால் சாமானியக் கம்ப்யூட்டரிலும் ஓடியாக வேண்டும். அதனால் "ஜிடிஏ 6-க்கு டாப் எண்ட் கார்டு இல்லாம வேலைக்கே ஆகாது" என்று மிரட்டுபவர்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து 4கே-யில் ஆட வேண்டும் என்றால் கதை வேறு. ரெட் டெட் 2 வந்தபோது, அன்றைக்கு என்விடியாவின் முன்னணி கேமிங் கார்டான ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கூட 4கே அல்ட்ராவில் 60 ஃப்ரேமைப் பிடிக்க முடியாமல் திணறியது. ஆனால் அது யாருடைய பிரச்சினை என்பதை அவரவர் பர்ஸ் சொல்லும்.

கன்சோலை வைத்து என்ன கணிக்கலாம்?

பிசி பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும், கேம் எந்த மெஷினில் ஓடப் போகிறது என்பது தெரியும். அங்கிருந்து கொஞ்சம் கணக்குப் போடலாம். இதுவும் கணக்குதான், அறிவிப்பு அல்ல.

பிளேஸ்டேஷன் 5-ல் இருப்பது ஏஎம்டியின் 8 கோர் ஜென் 2 பிராசஸர், 16 ஜிபி பொது மெமரி, 10.28 டெராஃப்ளாப்ஸ் கிராஃபிக்ஸ். பிசி பாஷையில் சொன்னால் ஏறக்குறைய ஆர்டிஎக்ஸ் 2070 அல்லது ஆர்எக்ஸ் 6700 வகையறா. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இன்னும் சின்னது: 4 டெராஃப்ளாப்ஸ், 10 ஜிபி மெமரி. கேம் அதிலும் ஓடியாக வேண்டும். ஆக, செட்டிங்கை இறக்கினால் ஒரு எளிமையான பிசியிலும் ஓட வைக்கத் தொழில்நுட்ப ரீதியாக இடம் இருக்கிறது. கன்சோலும் பிசியும் நேருக்கு நேர் சமம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கன்சோலில் ஒரே ஹார்டுவேருக்காகச் செதுக்குகிறார்கள். பிசியில் விண்டோஸ், டிரைவர், பின்னணியில் ஓடும் முப்பது டேப் குரோம் எல்லாம் பங்குக்கு வரும்.

2025 மே மாதம் வந்த இரண்டாவது டிரெய்லர் சாதாரண பிளேஸ்டேஷன் 5-ல் இருந்தே பதிவு செய்யப்பட்டது, பாதி கேம்பிளே, பாதி கட்சீன் என்று ராக்ஸ்டாரே சொன்னது. அதைப் பிரித்து மேய்ந்த தொழில்நுட்ப அலசல்கள், வெளிச்சத்துக்கும் பிரதிபலிப்புக்கும் ரே டிரேசிங் பயன்படுத்தப்பட்டிருப்பதாகச் சொல்கின்றன. இங்கேதான் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உஷாராக வேண்டும். 2024-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025-ல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டுக்கும் மினிமமே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாத கார்டுகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. ஜிடிஏ 6-ம் அந்த வழியில் போனால், நம் ஊர் பட்ஜெட் லேப்டாப்களில் பரவலாக இருக்கும் ஜிடிஎக்ஸ் 1650-க்கு இடம் இருக்காது. போகாமலும் இருக்கலாம்; பிசியில் ரே டிரேசிங்கை அணைக்கும் வசதி கொடுக்கலாம். ஆனால் 1650-ஐ நம்பி இருப்பவர்கள் கொஞ்சம் மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

கார்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பிராசஸரைப் பற்றிப் பேசுவதில்லை. ஜிடிஏ விஷயத்தில் அது தவறு. ஒரு தெருவில் நூறு பேர் நடக்கிறார்கள், கார்கள் சிக்னலில் நிற்கின்றன, ஒருவன் இன்னொருவனோடு சண்டை போடுகிறான். இவர்கள் ஒவ்வொருவரும் அடுத்த நொடி என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போடுவது கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, பிராசஸர். கார்டு திணறினால் ரெசல்யூஷனைக் குறைக்கலாம், நிழலைக் குறைக்கலாம். பிராசஸர் திணறினால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை; 4கே-யில் வரும் அதே 35 ஃப்ரேம் 720பி-யிலும் வரும். கன்சோலில் ஜிடிஏ 6 நொடிக்கு 30 ஃப்ரேமில் ஓடி, அதற்குக் காரணம் பிராசஸர் என்றால், பிசியில் 60 வேண்டும் என்பவருக்கு பிளேஸ்டேஷன் 5-ஐவிட இரண்டு மடங்கு வேகமான பிராசஸர் தேவைப்படும். பழைய 4 கோர் கம்ப்யூட்டரில் புது கார்டு மட்டும் வாங்கிச் செருகுபவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ரெட் டெட் 2-ல் இது நடந்தே இருக்கிறது. ராக்ஸ்டாரின் மினிமம் பட்டியலில் இருந்த பிராசஸர் ஐ5-2500கே. 4 கோர், 4 த்ரெட். கேம் வெளியானபோது அந்த வகை 4 கோர் பிராசஸர்களில் திடீர் திடீரென்று உறைந்து நின்றது. 4 கோர், 6 கோர் பிராசஸர் சிலவற்றில் இந்தச் சிக்கல் இருப்பதை ராக்ஸ்டாரே ஒப்புக்கொண்டு, தற்காலிக வழியாக ஒரு லாஞ்ச் கட்டளையைக் கொடுத்தது. பட்டியலைப் பார்த்து, 'நம்ம பிசி பாஸ்' என்று நம்பிக் காசு கொடுத்தவர் பேட்ச் வரும்வரை காத்திருந்தார்.

அதிகாரபூர்வப் பட்டியலும் முழு உண்மை சொல்லாது

அப்போ ராக்ஸ்டார் பட்டியல் வெளியிடும் நாளில் எல்லாம் தெளிவாகிவிடுமா? அதுவும் சந்தேகம்தான். இதற்குச் சமீபத்திய பாடம் கேப்காமின் 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்'.

2025 பிப்ரவரி 28-ல் வெளியான அந்த கேமுக்கு முதல் பட்டியல் 2024 செப்டம்பரில் வந்தது. ரெக்கமண்டட் கார்டு ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர் அல்லது 4060. கிடைப்பது 1080பி, 60 ஃப்ரேம், மீடியம் செட்டிங். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: ஃப்ரேம் ஜெனரேஷன் ஆன் செய்திருந்தால். மினிமம் வரிசை இன்னும் மோசம். 1080பி என்று எழுதியிருந்தாலும், உண்மையில் 720பி-யில் வரைந்து அப்ஸ்கேலிங் மூலம் இழுத்துப் பெரிதாக்கிய படம், அதுவும் 30 ஃப்ரேம்.

ஃப்ரேம் ஜெனரேஷன் என்பது என்ன? கேம் உண்மையாகவே வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில், கார்டு தானாக ஊகித்து ஒரு படத்தைச் செருகுவது. 30 வரைந்தால் திரையில் 60 தெரியும். ஆனால் நீங்கள் பட்டனை அழுத்தினால் கேம் பதில் சொல்லும் வேகம் பழைய 30-ன் வேகம்தான்; சொல்லப்போனால் அதைவிடக் கொஞ்சம் மந்தம். கண்ணுக்கு வழுக்கும், கைக்கு இழுக்கும். இந்த வசதியை வழங்கும் ஏஎம்டியே, ஏற்கெனவே 60 ஃப்ரேம் வரும் இடத்தில்தான் இதைப் பயன்படுத்தச் சொல்கிறது. அதை 30-ஐ 60 ஆகக் காட்டப் பயன்படுத்தி, 'ரெக்கமண்டட்' என்று பெயர் வைத்தது மான்ஸ்டர் ஹன்டர்.

வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு அந்தப் பட்டியலையே மாற்றினார்கள். கார்டு ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பராக இறங்கியது. 140 ஜிபி கேட்ட இடம் 75 ஜிபி ஆனது. ஃப்ரேம் ஜெனரேஷன் நிபந்தனை மட்டும் அப்படியே இருந்தது. முதல் பட்டியலை நம்பி 2024-லேயே கார்டு மாற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். கேம் முதல் மாதத்திலேயே ஒரு கோடி பிரதிகள் விற்றது. அதே கேமின் ஸ்டீம் விமர்சனங்கள், பிசியில் ஓடும் லட்சணத்தைப் பற்றிய புகார்களால், சில மாதங்களில் அதலபாதாளத்துக்குப் போயின. ஒரு விஷயத்தில் மட்டும் கேப்காமைப் பாராட்டலாம். வாங்குவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்க இலவச பெஞ்ச்மார்க் கொடுத்தார்கள்.

எனவே எந்தப் பட்டியல் வந்தாலும் கார்டின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. எத்தனை ஃப்ரேம், எந்த ரெசல்யூஷன், எந்த செட்டிங் என்று எழுதியிருக்கிறதா, அந்த ரெசல்யூஷன் ஒரிஜினலா அப்ஸ்கேலா, ஃப்ரேம் ஜெனரேஷன் சேர்த்தா சேர்க்காமலா என்பதைத் தேட வேண்டும். இது எதுவும் இல்லாத பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. ராக்ஸ்டார் பட்டியல்கள் இதுவரை அந்த ரகம்தான். 2025 மார்ச்சில் வந்த ஜிடிஏ 5 என்ஹான்ஸ்டு பதிப்புக்கு ரெக்கமண்டட் ஆர்டிஎக்ஸ் 3060 என்றார்கள். அதில் எத்தனை ஃப்ரேம் வரும் என்ற தகவல் பட்டியலில் இல்லை.

சரி, இப்போ வாங்கலாமா வேண்டாமா?

வழக்கமாக இந்த இடத்தில் 'பொறுங்க, விலை இறங்கும்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். இந்த முறை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியில் இருந்து ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன்னுடைய 'குரூஷியல்' பிராண்டின் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. காத்திருந்தால் மலிவாகும் என்ற பழைய விதிக்கு இப்போது யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்பது நல்லது. இன்றைக்கு நீங்கள் ஆடும் கேமும், செய்யும் வேலையும் புது மெஷின் கேட்கிறதா? கேட்கிறது என்றால் அதற்காக வாங்குங்கள். வீடியோ எடிட்டிங் செய்பவர், வேலண்டில் ஃப்ரேம் போதாமல் தவிப்பவர், ஐந்து வருட லேப்டாப் சூடாகி அலறுகிறது என்பவர் எல்லாம் ஜிடிஏ 6-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போதுள்ள மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஜிடிஏ 6 ஒன்றுக்காகத்தான் மாற்றுகிறேன் என்பவர், கேம் வருவதற்குள் இஎம்ஐயைக் கட்டி முடித்துவிடுவார். கேம் வரும் நாளில் அவர் கையில் இருப்பது இரண்டு வருடப் பழைய கார்டாக இருக்கும்.

வாங்குவது என்று முடிவானால், லேப்டாப் விஷயத்தில் பெயரை நம்பாதீங்க. ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்களில் ஒன்று 115 வாட் மின்சாரம் கொடுக்கும், இன்னொன்று அதில் பாதிகூடக் கொடுக்காது. பெயர் ஒன்றுதான், வேகம் வேறு. கடையில் கேட்க வேண்டியது 'எந்த கார்டு' என்பதோடு 'எத்தனை வாட்' என்பதையும். கார்டின் சொந்த மெமரி 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் வருங்கால கேம்களில் சிரமம். 16 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருக்கிறதா, இரண்டு எட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிடிஏ 5 என்ஹான்ஸ்டு பட்டியலில் ராக்ஸ்டாரே 16 ஜிபி டூயல் சேனல் என்று குறிப்பிட்டிருக்கிறது. எஸ்எஸ்டி கட்டாயம் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் கேமைப் போட்டு ஆடிய காலம் முடிந்தது.

இதில் ராக்ஸ்டாருக்கும் அதன் தாய் நிறுவனமான டேக்-டூவுக்கும் பங்கில்லை என்று விட்டுவிட முடியாது. ஒரு பெரிய கேமின் விற்பனையில் பிசியின் பங்கு 40 சதவீதம் வரை போகலாம் என்று டேக்-டூவின் தலைவர் ஸ்ட்ராஸ் ஜெல்னிக்கே 2025-ல் பேசியிருக்கிறார். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு 'வரும்' என்றோ 'இத்தனை மாதம் ஆகும்' என்றோ ஒரு வரி சொல்ல மனசில்லை. அந்த மௌனத்தில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது. பொறுமை இல்லாதவர் முதலில் கன்சோலில் ஒரு பிரதி வாங்குவார். பிறகு மோட்களுக்காக பிசியில் இன்னொரு பிரதி வாங்குவார். ஜிடிஏ 5-ல் இப்படி இரண்டு முறை பணம் கட்டியவர்கள் ஏராளம். பதில் இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் போலிப் பட்டியல்கள் முளைக்கின்றன.

பிசி பதிப்பு வரும்போது ராக்ஸ்டாரிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ரெட் டெட் 2-க்குள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் இருந்தது. அதைத் தனியாகப் பிரித்து, கேம் வெளியாகும் முன் இலவசமாகக் கொடுத்தால் போதும். அவரவர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். இல்லாவிட்டால் ஸ்டீமின் ரீஃபண்ட்தான் கதி: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் மட்டும் ஆடியிருக்க வேண்டும். ஷேடர் கம்பைலிங் என்று கேம் முதல் முறை திறக்கும்போது எடுத்துக்கொள்ளும் நிமிடங்களும் அந்த இரண்டு மணி நேரத்தில் சேரும்.

பிசி ஆட்களுக்கும் நவம்பர் 19 ஒரு முக்கியமான நாள்தான். அன்றைக்குத்தான் பிளேஸ்டேஷன் 5-லும் சீரிஸ் எஸ்-லும் கேம் எத்தனை ஃப்ரேமில், எந்த ரெசல்யூஷனில் ஓடுகிறது, நெரிசலான தெருவில் வேகமாக வண்டி ஓட்டினால் எங்கே திணறுகிறது என்பதை எல்லோரும் அளந்து சொல்வார்கள். சீரிஸ் எஸ் பதிப்பின் வீடியோவை முதலில் பாருங்கள். பட்ஜெட் பிசி வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கப் போகும் முதல் உருப்படியான தகவல் அங்கேதான் இருக்கும்.